கிளட்ச் போகவில்லை, கீ போயிருந்தது: ஜீப்பின் பின் ஹப் வேலைப் பதிவு

இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, கிளட்ச்சை விட்டால் வண்டி நகரவில்லை. இப்படி ஒரு ஜீப் தெருவோரம் நின்றால் பார்க்கிற எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும். எனக்கும் அதையே சொன்னார்கள். பதினான்காயிரம் ரூபாய் ஆகும் என்று ஒருவர் கணக்கும் போட்டுக் கொடுத்தார். கடைசியில் பின் இடச்சக்கரத்தின் ஹப்பை (ஆக்சில் ஷாஃப்ட்டின் முனையில் சக்கரத்தைத் தாங்கும் குடம்) கழற்றியபோது, விரல் நீளம்கூட இல்லாத இரும்புக் கீ ஒன்று நீளவாக்கில் இரண்டாக வெட்டுப்பட்டு வெளியே வந்தது. ஷாஃப்ட்டும் ஹப்பும் சேர்ந்து சுற்றுவதற்காக இரண்டிலும் உள்ள காடி எனும் பள்ளத்தில் செருகும் துண்டுதான் கீ. கிளட்ச்சில் ஒரு குறையும் இல்லை. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் கியர்பாக்ஸில் ஸ்பேனர் வைப்பதற்கு முன் சக்கரத்திலிருந்து உள்நோக்கிப் பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்பதால் இதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வண்டி பழைய பாணி டீசல் ஜீப். காசிமேட்டிலிருந்து படகு இன்ஜின் உதிரிகளை ஏற்றிக்கொண்டு மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு வரை போகும். அங்கே கடைசித் துண்டு மணல். அந்த மணலுக்காகத்தான் இந்த வண்டியை வைத்திருக்கிறேன். கியர் லிவர் தவிர, கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்கு அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இரண்டு லிவர்கள். ஒன்று முன் ஆக்சிலைச் சேர்ப்பதற்கு. மற்றது ஹை, நியூட்ரல், லோ. முன் சக்கரங்களில் கையால் திருப்பிப் பூட்டும் ஃப்ரீ வீல் ஹப்கள்; பூட்டினால்தான் சக்கரம் முன் ஆக்சிலோடு சேரும். கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், பின் ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் உள்ள டிரம்மில் இருக்கிறது. பின்னால் வரும் கதைக்கு இந்த ஒரு விவரம் முக்கியம்.

சில வாரங்களாகவே ஓர் அறிகுறி இருந்தது. முதல் கியரில் கிளம்பும்போது பின்னால் ஒரு ‘டக்’. ரிவர்ஸ் போட்டால் இன்னொரு ‘டக்’. ஓட்டத்தில் ஒன்றும் கேட்காது. புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டில் உள்ள யுனிவர்சல் கிராஸ் தேய்ந்திருக்கும் என்று அதற்குக் கிரீஸ் அடித்தோம். சத்தம் குறையவில்லை. கிராஸைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்ததில் பிளேயும் (தளர்வான ஆட்டம்) இல்லை. திசை மாறும்போது மட்டும் வரும் ஒற்றைத் தட்டல், இறுக்கமாக இருக்க வேண்டிய ஏதோ ஒன்று தன் காடிக்குள் ஆடுகிறது என்பதற்கான அடையாளம். யுனிவர்சல் கிராஸோடு ஹப் கீயையும் அந்தச் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எர்ணாவூர் மேம்பாலத்தின் ஏற்றத்தில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று, திரும்பக் கிளம்பும்போது இயக்கம் முழுவதுமாகப் போனது. பின்னால் இரும்பு உரசும் கீச்சொலி, வண்டி அசையவில்லை. கைப்பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை எடுத்தால் வண்டி பின்னால் நழுவத் தொடங்கியது. முதல் கியரில் போட்டு இன்ஜினை நிறுத்தியும் நிற்கவில்லை. பின்னால் நாற்பதடி டிரெய்லர். ஃபுட் பிரேக் மட்டும்தான் பிடித்தது. உடன் வந்த தம்பி இறங்கி ஓடிப்போய் இரண்டு கருங்கல்லைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் காலை எடுக்க முடிந்தது.

இதன் காரணத்தை ஜீப் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கைப்பிரேக் பிடிப்பது புரொப்பல்லர் ஷாஃப்ட்டை. கியரும் அதையேதான் பிடிக்கிறது. பின் ஆக்சிலில் ஒரு பக்கத்துத் தொடர்பு அறுந்துவிட்டால், புரொப்பல்லர் ஷாஃப்ட் நின்றிருந்தாலும், இரு பக்கத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல் வழியாக ஒரு பக்கத்து ஷாஃப்ட் முன்னாலும் மறுபக்கத்து ஷாஃப்ட் பின்னாலும் தாராளமாகச் சுற்றும். வண்டி உருளும். ஆகவே இயக்கம் போன அதே நொடியில் கைப்பிரேக்கும் போனதென்றால் பழுது புரொப்பல்லர் ஷாஃப்ட்டிலோ பின் ஆக்சிலிலோ என்று பாதி முடிவுக்கு வந்துவிடலாம். கிளட்ச் தேய்ந்த வண்டியில் இந்தக் கைப்பிரேக் வேலை செய்யும். அந்த இடத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. பிறகு யோசித்தபோது, பழுது முதல் நிமிடத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது என்று புரிந்தது.

கல் முட்டுக் கொடுத்த பிறகு சோதனைகள். ஹை-லோ லிவர் தானாக நியூட்ரலுக்கு நழுவியிருந்தாலும் வண்டி நகராது. அது ஹையில் உறுதியாக இருந்தது. கிளட்ச் பெடலில் பிளே ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, சரியான அளவுதான். பிறகு முதல் கியரில் போட்டுக் கிளட்ச்சை மெதுவாக விட்டு ஸ்பீடோமீட்டரைப் பார்த்தேன். நிற்கிற வண்டியில் முள் எழுந்து ஆடியது. இந்த ஜீப்பில் ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் அவுட்புட்டிலிருந்து வருகிறது. முள் எழுந்தால் கிளட்ச், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றும் அதுவரை சக்தியைக் கொண்டுவந்துவிட்டன என்று பொருள். ஒரு பைசா செலவில்லாமல், கை அழுக்காகாமல், வண்டியின் முன்பாதி முழுவதும் சந்தேகத்திலிருந்து விடுபட்டுவிட்டது. கேபிள் அறுந்த வண்டியில் இந்த வசதி இல்லை. அதில் ஒருவர் பக்கவாட்டில் பாதுகாப்பான தூரத்தில் குனிந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

அடுத்தது நான்கு சக்கர லிவர். முன் ஆக்சிலைச் சேர்த்துக் கிளட்ச்சை விட்டபோதும் வண்டி நகரவில்லை. அங்கே கூடியிருந்தவர்கள் அப்போதுதான் கிளட்ச்தான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். முன் ஹப்கள் இரண்டும் ஃப்ரீ நிலையில் இருந்தன. நகரத்துக்குள் அப்படித்தான் ஓட்டுவோம். அவற்றைக் கையால் திருப்பி லாக்கில் வைத்துவிட்டு மறுபடி விட்டதும் ஜீப் முன் சக்கரங்களின் இழுப்பில் ஏற்றத்தில் ஏறியது. ஃப்ரீ வீல் ஹப் உள்ள வண்டியில் லிவரை மட்டும் தள்ளிப் பார்த்து முடிவு சொல்வது சோதனையே ஆகாது. முன் இழுப்பில் வண்டி போனால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. பின்னிழுப்பு மட்டும் இல்லையென்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ஆக்சில் ஷாஃப்ட், ஹப் ஆகிய நான்கில் ஒன்று.

திருவொற்றியூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் பட்டறைக்கு அப்படியே நடை வேகத்தில் ஓட்டிப்போனேன். கிளம்பும் முன் பின் ஹப்களின் மூடிகளை எடுத்து, நட்டும் அது கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின்னும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். அவை இல்லாவிட்டால் சக்கரமே கழன்று போகக்கூடும்; அப்போது இழுவை வண்டிதான் வழி. முன் ஆக்சில் சேர்ந்திருக்கையில் பின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் முன்னதன் வேகத்திலேயே சுற்றுவதால், நேர்ச்சாலையில் அறுந்த பக்கத்து ஷாஃப்ட்டும் சக்கரத்தோடு ஏறக்குறைய ஒன்றாகவே சுழல்கிறது. உரசல் அதிகமாவதில்லை. அதனால் துணிந்தேன்.

பட்டறையில் மெக்கானிக் பாய் முழுவதையும் கேட்டுவிட்டு, “தம்பி, சாக்பீஸ் இருக்கிறதா?” என்றார். முன் ஆக்சிலை விடுவித்து, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் மரக்கட்டை கொடுத்து, பின் இடப்பக்க ஹப்பில் நட்டின் மையத்திலிருந்து ஹப்பின் விளிம்பு வரை ஒரே நேர்கோடு போட்டார். வலப்பக்கமும் அப்படியே. நான் உள்ளே உட்கார்ந்து முதல் கியரில் கிளட்ச்சை ஒரு கணம் விட்டு மிதித்தேன். வலப்பக்கக் கோடு அப்படியே இருந்தது. இடப்பக்கத்தில் நட்டின் கோடு ஒருபுறம், ஹப்பின் கோடு மறுபுறம். ஷாஃப்ட் சுற்றியிருக்கிறது, ஹப் நின்றிருக்கிறது. பழுது ஷாஃப்ட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே.

இரண்டு பக்கக் கோடுகளும் குலையாமல் புரொப்பல்லர் ஷாஃப்ட் மட்டும் சுற்றியிருந்தால் பழுது உள்ளே: ஆக்சில் ஷாஃப்ட் முறிவு, அல்லது டிஃபரன்ஷியலைச் சுற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுன்-பினியன். அதைப் பிரித்தறிய, முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின் சக்கரங்கள் இரண்டையும் ஸ்டாண்டில் தூக்கி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். நல்ல ஆக்சிலில் மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். சுற்றாவிட்டால் ஏதோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது.

இனி கழற்றல். எங்கள் ஜீப்பில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடமரை. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். தெரியாதவர்கள் பைப் போட்டு மிதித்து ஸ்டடை முறித்துவிடுகிறார்கள். சக்கரம் வந்ததும் ஸ்ப்ளிட் பின்னை எடுத்து நட்டில் ஸ்பேனரை வைத்தால், அரைச் சுற்று வெறும் கையால் தளர்ந்தது. கோளாறின் மூலம் அங்கேதான். சில மாதங்களுக்கு முன் வேறோர் இடத்தில் பிரேக் ஷூ மாற்றியபோது நட்டைச் சாதாரண ஸ்பேனரால் இறுக்கி, ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேருக்கு வருவதற்காகச் சற்றுப் பின்னால் திருப்பியிருக்கிறார்கள். ஸ்ப்ளிட் பின் மாட்டியிருந்ததால் பார்வைக்கு எல்லாம் ஒழுங்கு. ஆனால் இந்த வகை ஆக்சிலில் ஹப் உட்காருவது கூம்பு வடிவ டேப்பரில். இழுவையின் பெரும்பகுதியைத் தாங்குவது அந்த டேப்பரின் இறுக்கம்தான். கீ துணைக்கு மட்டும். நட் தளர்ந்ததும் பாரம் முழுவதும் கீயின் மேல் விழுந்தது. மணலில் முன்னும் பின்னும் மாற்றி மாற்றி எடுத்த ஒவ்வொரு தடவையும் அது அடி வாங்கியிருக்கிறது.

நட் கையால் வந்தும் ஹப் வரவில்லை. சுற்றிச் சுற்றி உரசியதில் டேப்பரின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டது. மீதியைக் கடலோரக் காற்றின் துரு பிடித்துவைத்திருந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் தினம் ஓடும் வண்டிகளில் அடிப்பாக இரும்பு எதுவும் எளிதில் கழலுவதில்லை. டீசலும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டோம். மறுநாள் வாடகைக்கு எடுத்த பெரிய ஹப் புல்லரை மாட்டி, பிரேக் ஷூ அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு, புல்லரை இறுக்கி, அதன் தலையில் நான்கு பவுண்டு சுத்தியலால் ஓர் அடி. மறுபடி இறுக்கி ஓர் அடி. நட்டை முழுதாக எடுக்காமல் சில மரைகளில் விட்டுவைக்க வேண்டும். டேப்பர் விடும்போது வெடியோசையோடு விடும். நட் இல்லையென்றால் ஹப்பும் டிரம்மும் எதிரே நிற்பவர் மேல் வந்து விழும். ஹப்பைக் கேஸ் விளக்கால் சூடாக்கலாம் என்று ஒருவர் சொன்னதைப் பாய் மறுத்துவிட்டார். உள்ளே ஆயில் சீலும் பேரிங் கிரீஸும் இருக்கின்றன.

வெளியே வந்த ஹப்பின் காடி, வாய்ப் பக்கத்தில் அரை மில்லிமீட்டர் அகன்றிருந்தது. வெர்னியரில் மூன்று இடங்களில் அளந்ததில் ஷாஃப்ட்டின் காடி ஒரே அளவில் இருந்தது. ஷாஃப்ட்டின் டேப்பரில் உரசல் வரிகள். நகத்தால் தடவினால் லேசாகத் தட்டுப்படும் ஆழம்தான். மேடுகளை எண்ணெய்க்கல்லால் தேய்த்து எடுத்துவிட்டு ஷாஃப்ட்டை வைத்துக்கொள்வது, ஹப்பை மாற்றுவது என்று முடிவெடுத்தோம். வரிகள் இன்னும் ஆழமாக இருந்திருந்தால் ஷாஃப்ட்டையும் மாற்றியிருப்பேன். அப்படி மாற்றுபவர்கள் உள்முனையில் 10 பல்லா 19 பல்லா என்று எண்ணிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்; இரண்டு வகையும் புழக்கத்தில் உண்டு. இந்த ஜீப்பில் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் தள்ளி இருப்பதால் இட, வல ஷாஃப்ட்டுகளின் நீளமும் வேறு.

ஹப்பை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினேன். புதுப்பேட்டையில் பழையது பாதி விலைக்குக் கிடைத்தது. ஆனால் அதன் காடியும் அகன்றிருந்தது. பழைய ஹப்பை வாங்குவதானால் புதிய கீ ஒன்றைக் கையில் எடுத்துப்போய்க் காடியில் வைத்து ஆட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. புது ஹப்பில் வந்த ஸ்டடுகள் வலமரை. தண்டையார்பேட்டை லேத் பட்டறையில் அவற்றைத் தட்டி எடுத்து, இடமரை ஸ்டடுகளைப் பிரஸ்ஸில் ஏற்றி, டிரம்மையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கீக்குப் பாரிமுனையில் கீ ஸ்டீல் துண்டு வாங்கினோம். கையில் கிடைத்த சாதா இரும்புத் தகட்டை வெட்டிச் செருகுவது மறுபடி இதே மேம்பாலத்தில் நிற்பதற்கான வழி.

பொருத்துவதில் அதிக நேரம் எடுத்தது டேப்பர். கீ இல்லாமல் ஹப்பை ஷாஃப்ட்டில் ஏற்றி, வால்வ் கிரைண்டிங் பேஸ்ட்டை மெல்லிய பூச்சாகத் தடவி, கால் சுற்று முன்னும் பின்னுமாகத் தேய்த்தோம். பேஸ்ட்டை மண்ணெண்ணெயில் முழுவதுமாகக் கழுவி, எங்கெங்கே தொடுகிறது என்று காட்டும் நீலம் தடவிப் பதித்துப் பார்த்தபோது முதலில் அகன்ற முனையில் மட்டும் வளையம் போலப் பட்டிருந்தது. தொடர்ந்து தேய்த்ததில் முக்கால் பங்குப் பரப்பு பட்டது. அதற்கு மேல் தேய்த்தால் ஹப் உள்ளே இறங்கிப் பிரேக் பிளேட்டில் இடிக்கும் என்பதால் நிறுத்திக்கொண்டோம்.

பிறகு ஓர் அளவெடுப்பு. இதைப் பாய் சொல்லிக் கொடுத்தார். டேப்பரில் ஹப் உட்காரும் எந்த வண்டிக்கும் பொருந்தும். கீ இல்லாமல் ஹப்பைக் கையால் அழுத்தி உட்காரவைத்து, ஷாஃப்ட்டின் முனையிலிருந்து ஹப்பின் முகம் வரை வெர்னியரால் ஆழம் எடுக்க வேண்டும். கீயோடு உட்காரவைத்து மறுபடி எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஹப் டேப்பரில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு 0.8 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. கீ உயரம் அதிகம். ஹப் டேப்பரைத் தொடாமல் கீயின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அப்படியே நட்டை இறுக்கியிருந்தால் எவ்வளவு பலம் போட்டாலும் டேப்பர் பிடித்திருக்காது. கீயின் மேல்முகத்தை மட்டும் அரம் வைத்துத் தேய்த்து, இரண்டு அளவும் ஒன்றான பிறகு, செம்புச் சுத்தியலால் தட்டிக் காடியில் இறக்கினோம். பக்கவாட்டில் துளியும் ஆடவில்லை.

டயல் கேஜ் வைத்து ஷாஃப்ட்டின் எண்ட் பிளே (நீளவாக்கு ஆட்டம்) பார்த்தோம்: 0.16 மில்லிமீட்டர். 0.10 முதல் 0.20 வரை இருக்கலாம் என்பதால் அதைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான ஷிம்களைத் தொடவில்லை. வெளி ஆயில் சீலை மட்டும் மாற்றினோம். டேப்பரில் கிரீஸோ எண்ணெயோ தடவவில்லை. சுத்தமாகவும் உலர்ந்தும்தான் அது இருக்க வேண்டும்.

நட்டுக்கு வேண்டிய முறுக்கு குறைந்தது 150 பவுண்டு-அடி, அதாவது ஏறக்குறைய 21 கிலோ-மீட்டர். பட்டறையில் அந்த அளவுக்குப் போகும் டார்க் ரெஞ்ச் இல்லை. காசிமேட்டில் மீன் நிறுக்கும் தொங்கு ஸ்பிரிங் தராசு ஒன்றை இரவல் வாங்கிவந்தேன். சக்கரத்தை மாட்டி இறக்கி, முட்டுக் கொடுத்து, நான்கு சக்கரத்தைச் சேர்த்து முதல் கியரில் போட்டோம். பாக்ஸ் ஸ்பேனரில் பைப்பைச் செருகி, நட்டின் மையத்திலிருந்து சரியாக ஒரு மீட்டரில் துளையிட்டுத் தராசின் கொக்கியை மாட்டினோம். பைப் செங்குத்தாக நிற்கும் நிலையில் கிடைமட்டமாக இழுத்தால் பைப்பின் எடை கணக்கில் சேராது. முள் 21-ஐத் தொடும் வரை இழுத்தோம். ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேருக்கு வரவில்லை. முன்னால் இன்னும் இறுக்கி அடுத்த பள்ளத்துக்குக் கொண்டுவந்தோம். பின்னால் திருப்புவது இந்த நட்டில் ஒருபோதும் கூடாது.

செலவு: ஹப் 2,200, லேத் வேலை 700, வாடகைப் புல்லர் 200, ஆயில் சீல் 140, கிரைண்டிங் பேஸ்ட் 90, கீ ஸ்டீல் 80, ஸ்ப்ளிட் பின்கள் 20, மண்ணெண்ணெய் கிரீஸ் துணி 150, பாய்க்குக் கூலி 1,500. மொத்தம் 5,080 ரூபாய். இதில் கீயின் பங்கு எண்பது. நட்டை ஒழுங்காக இறுக்கியிருந்தால் மீதிக்கும் வேலையில்லை.

முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு தராசை மறுபடி மாட்டினேன். நட் ஒரு பள்ள அளவு முன்னால் போனது. ஹப் டேப்பரில் இன்னும் சற்று இறங்கியிருக்கிறது. அடுத்து மணலில் பாரத்தோடு போய்வந்து பார்த்தபோது அசையவில்லை. கிளம்பும்போது வந்த ‘டக்’ அடியோடு நின்றுவிட்டது. இந்த மறு இறுக்கலைப் பட்டறைகள் செய்வதில்லை. வண்டிக்காரர்தான் திரும்பக் கொண்டுபோய்க் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

வலப்பக்க நட்டையும் சோதித்தோம். 21-ஐத் தொடுவதற்குள் எட்டில் ஒரு பங்குச் சுற்று நகர்ந்தது. அதுவும் அதே கைகளால் மாட்டப்பட்டதுதான். இரண்டு ஹப்களிலும் நட்டின் மேல் தொடங்கி ஹப் வரை மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மூடியை எடுத்துப் பார்த்தால் தளர்வு கண்ணில் படும். வண்டியில் இப்போது இரண்டு ஆப்பு மரக்கட்டைகளும், மீட்டர் அளவில் துளையிட்ட அந்தப் பைப்பும் எப்போதும் இருக்கின்றன. முன் ஹப்களை மாதம் ஒருமுறை லாக் செய்து சிறிது தூரம் ஓட்டுகிறேன். உப்புக் காற்றில் அவை இறுகிப்போனால் அவசரத்தில் கையால் திரும்பாது. வலப்பக்க ஹப்பை மழைக்காலம் முடிந்ததும் கழற்றி, கீயை வெளியே எடுத்து விளிம்புகளைப் பார்க்கப் போகிறேன். கீ ஸ்டீலில் மீதித் துண்டு அதற்குப் போதும்.